எழ மறுத்த கணினி

போன மே மாதத்தில் ஒரு பிற்பகல், திருச்சியிலிருந்து அக்கா மகன் போன் செய்தான். "மாமா, கம்ப்யூட்டரை ஸ்லீப்ல போட்டுட்டுச் சாப்பிடப் போனேன். வந்து எழுப்புனா ஃபேன் மட்டும் சுத்துது, ஸ்கிரீன்ல ஒண்ணும் வரல. பவர் பட்டனை அமுக்கிப் பிடிச்சு அணைச்சாத்தான் வழிக்கு வருது." முந்தின நாள்தான் மதர்போர்டின் பயாஸைப் புதுப்பித்திருந்தான். பொங்கல் விடுமுறையில் ராமின் வேகத்தை 3600-க்கு உயர்த்தியிருந்தான். நாலு மாதமாக ஒரு குறையும் இல்லையாம். ஆகவே அவனிடம் தீர்ப்பு தயாராக இருந்தது: புது பயாஸ் சரியில்லை, பழையதற்கே திரும்பிவிட வேண்டும்.

பொறு என்றேன். பயாஸ் புதுப்பித்தல், தூக்கத்திலிருந்து எழாமை, ஓவர்கிளாக் செய்ததால் வரும் தள்ளாட்டம் என்று இவற்றை மூன்று தனி நோய்களாகப் பார்க்கும் பழக்கம் நமக்கு இருக்கிறது. கணினிக்குள் இவை மூன்றும் ஒரே கணக்கைச் சுற்றி வருபவை. எவ்வளவு மின்னழுத்தத்தில், எவ்வளவு நேரத்துக்குள், ஒரு சிப் தன் வேலையை முடிக்கும் என்பதே அந்தக் கணக்கு. அதை எழுதி வைத்திருப்பது பயாஸ். அதை இறுக்குவது ஓவர்கிளாக். அது சரியா என்று எதிர்பாராத வேளையில் கேட்பது தூக்கம்.

பள்ளிச் சீருடை தைக்கக் கொடுக்கும்போது, "வளர்ற பிள்ளை, கொஞ்சம் உள்ள மடிச்சு வெச்சுத் தைங்க" என்று தாய்மார்கள் சொல்வார்கள். சிப் செய்பவர்களும் அப்படித்தான் தைக்கிறார்கள். ஒரே சிலிக்கன் தட்டிலிருந்து வெட்டியெடுத்த இரண்டு சிப்கள்கூட ஒன்றுபோல் இருப்பதில்லை. ஒன்று குளிர் அறையில் ஓடும், இன்னொன்று தகரக் கூரைக்கு அடியில் ஓடும். ஐந்து வருடம் கழித்து இரண்டுமே கொஞ்சம் தேய்ந்திருக்கும். இவை எல்லாவற்றுக்கும் சேர்த்து மின்னழுத்தத்தில் கொஞ்சம், நேரத்தில் கொஞ்சம் உள்ளே மடித்து வைத்துத்தான் பெட்டியில் ஒரு வேகத்தை அச்சிடுகிறார்கள். ஓவர்கிளாக் செய்கிறவர் அந்த உள்மடிப்பைப் பிரித்து விடுகிறார். பிரிக்கலாம், தவறில்லை. எவ்வளவு துணி மிச்சம் இருக்கிறது என்பதுதான் அவருக்குத் தெரிந்திருக்க வேண்டும்.

இந்தக் கணக்கு எழுதப்பட்டிருக்கும் இடம் மிகச் சிறியது. மதர்போர்டின் ஓரத்தில், எட்டுக் கால்களோடு, சுண்டுவிரல் நகத்தளவில் ஒரு சிப் இருக்கும். அதன் கொள்ளளவு பெரும்பாலும் 16 அல்லது 32 மெகாபைட். நாலைந்து கைபேசிப் புகைப்படங்களை வைத்தால் 16 மெகாபைட் நிறைந்துவிடும். பயாஸ் என்ற பெயரைக் கேரி கில்டால் 1975-இல் தன் சிபி/எம் இயங்குதளத்துக்காக வைத்தார். இன்று அந்த இடத்தில் இருப்பது யூஇஎஃப்ஐ எனும் வேறொரு அமைப்பு. ஆனாலும் கடைக்காரரிலிருந்து பொறியாளர் வரை எல்லோர் வாயிலும் பயாஸ் என்ற பழைய பெயர்தான் நிற்கிறது. நானும் அப்படியே சொல்கிறேன்.

மின்சாரம் வந்த நொடியில் பிராசசருக்கு எதுவும் தெரியாது. திரை, விசைப்பலகை, ஹார்ட் டிஸ்க் எதுவும் தெரியாது. ராம் இருக்கிறது, ஆனால் அதனோடு பேசத் தெரியாது. அதற்குத் தெரிந்தது ஒரே ஒரு முகவரி. நினைவக வரைபடத்தில் 4 ஜிகாபைட் எல்லைக்கு 16 பைட் கீழே இருக்கும் இடத்திலிருந்து முதல் கட்டளையைப் படிக்க வேண்டும் என்பதே பிறவியிலேயே அதற்கு ஊட்டப்பட்ட அறிவு. அந்த முகவரியில் பயாஸ் சிப் பதில் சொல்லும். ராம் இன்னும் பயன்படாததால், தன் உள்ளே இருக்கும் கேஷ் நினைவகத்தையே தற்காலிக மேசையாக வைத்துக்கொண்டு பிராசசர் வேலையைத் தொடங்குகிறது. ஏஎம்டியின் இப்போதைய பிராசசர்களில் இந்த முதல் வேலைகளுக்கென்றே உள்ளே இன்னொரு குட்டிப் பிராசசர் இருக்கிறது. முறை எதுவானாலும், அடுத்து வரும் கட்டம்தான் நம் கதைக்கு உயிரானது. அதற்கு மெமரி டிரெயினிங் என்று பெயர்.

டிடிஆர்4 ராம் 3600 வேகத்தில் ஓடுகிறது என்றால், ஒவ்வொரு தரவுக் கம்பியிலும் நொடிக்கு 360 கோடி பிட்டுகள் போகின்றன. ஒரு பிட்டுக்குக் கிடைக்கும் நேரம் 0.28 நானோ நொடி. அந்த நேரத்தில் ஒளியே எட்டு சென்டிமீட்டருக்குக் கொஞ்சம் மேல்தான் நகரும். ஒரு தடத்தில் தரவுக்கு மட்டும் 64 கம்பிகள் இருக்கின்றன. மதர்போர்டில் அவற்றின் நீளம் முடி அளவாவது மாறும், ஒவ்வொரு ராம் சிப்பும் தன் சுபாவப்படி கொஞ்சம் முந்தும் அல்லது பிந்தும். எந்தக் கம்பியை எந்தக் கணத்தில் படித்தால் சரியான பிட் கிடைக்கும்? யாராலும் முன்கூட்டிச் சொல்ல முடியாது, போட்டுப் பார்த்தால்தான் தெரியும்.

இரண்டு பேர் சுழற்றும் கயிற்றுக்குள் புகுந்து தாண்டப் போகும் சிறுமியைப் பார்த்திருப்பீர்கள். உடனே பாய மாட்டாள். பக்கத்தில் நின்று, தலையை ஆட்டி ஆட்டித் தாளம் பிடிப்பாள். பயாஸ் அதையே செய்கிறது. தெரிந்த ஒரு பிட் வரிசையை ராமுக்கு அனுப்பி, திரும்பப் படிக்கிறது. படிக்கும் கணத்தை இம்மியளவு முன்னும் பின்னும் நகர்த்துகிறது. எங்கே தவறு தொடங்குகிறது என்று இடது கரையையும் வலது கரையையும் கண்டுபிடித்து, நடுவில் போய் நிற்கிறது. இரண்டு கரைக்கும் இடையில் இருக்கும் திறப்பைப் பொறியாளர்கள் 'கண்' என்கிறார்கள். வேகத்தைக் கூட்டக் கூட்ட அந்தக் கண் இடுங்கிக்கொண்டே போகும்.

டிடிஆர்5 ராம் போட்ட கணினிகளில் இந்தத் தாளம் பிடிக்கும் வேலை முதல் முறை சில நிமிடங்கள்கூட எடுக்கும். அவ்வளவு நேரமும் திரை கறுப்பாகத்தான் இருக்கும். பயாஸைப் புதுப்பித்ததும் பழைய டிரெயினிங் அளவுகள் அழிந்துபோவதால், அடுத்த தொடக்கத்தில் வேலை மறுபடி முதலிலிருந்து ஆரம்பமாகும். இது தெரியாமல், புதுப்பித்தவுடன் கறுப்புத் திரையைப் பார்த்துப் பதறி பவர் பட்டனை அமுக்குகிறவர்கள் ஏராளம். அணைத்துப் போட்டால் டிரெயினிங்கும் மறுபடி முதலிலிருந்து தொடங்கும். பயாஸ் புதுப்பித்த பிறகு பத்து நிமிடமாவது கையைக் கட்டிக்கொண்டு உட்காருங்கள்.

இன்னொன்றும் இங்கே கவனிக்க வேண்டும். வேகத்தை உயர்த்தப் பயன்படும் ராமின் எக்ஸ்எம்பி புரொஃபைல் என்பது வேகம், மின்னழுத்தம், முக்கியமான சில கால அளவுகள் ஆகியவற்றை மட்டுமே சொல்லும். மீதி டஜன் கணக்கான அளவுகளைப் பயாஸ் தானே தீர்மானிக்கிறது. பதிப்பு மாறும்போது அந்தத் தீர்மானங்களும் மாறலாம். திரையில் அதே 3600 தெரிந்தாலும் உள்ளே இருப்பது அதே 3600 என்று சொல்லிவிட முடியாது. பழைய பதிப்பில் தேறிய ஓவர்கிளாக்கைப் புதுப் பதிப்பில் மறுபடி தேர்வுக்கு உட்கார வைக்க வேண்டியிருப்பது இதனால்தான்.

புதுப்பிக்கும் செயலில் உள்ள ஆபத்துக்கும் ஒரு பௌதிகக் காரணம் இருக்கிறது. பயாஸ் இருக்கும் சிப் நார் வகை ஃபிளாஷ் நினைவகம். அதில் ஒன்றைச் சுழியமாக்குவது எளிது. சுழியத்தை ஒன்றாக்க வேண்டுமென்றால் ஒரு பிட்டை மட்டும் தொட முடியாது, குறைந்தது 4 கிலோபைட் கொண்ட ஒரு பகுதியை மொத்தமாக அழிக்க வேண்டும். கரும்பலகையில் ஓர் எழுத்தைத் திருத்த முழு வரியையும் துடைப்பதுபோல. ஆகவே எழுதும் நேரத்தில், பழையதும் இல்லாமல் புதியதும் இல்லாமல் ஒரு வெற்றிடம் இருந்தே தீரும். அந்த நேரத்தில் கரன்ட் போனால், அடுத்த முறை பிராசசர் தனக்குத் தெரிந்த அந்த ஒரே முகவரியில் போய்க் கேட்கும்போது அங்கே பொருளில்லாத எழுத்துகள் இருக்கும். மின்வெட்டு வரக்கூடிய ஊரில் யுபிஎஸ் இல்லாமல் பயாஸைத் தொடாதீர்கள் என்று நான் பிடிவாதமாகச் சொல்வது இதனால்தான்.

இந்த வெற்றிடத்தை ஆயுதமாக்கியவர்களும் உண்டு. 1998-இல் தைவான் மாணவர் ஒருவர் எழுதிய சிஐஎச் வைரஸ், 1999 ஏப்ரல் 26 அன்று உலகெங்கும் கணினிகளில் விழித்துக்கொண்டது. ஹார்ட் டிஸ்கின் தொடக்கப் பகுதியை அழித்ததோடு, எழுத அனுமதித்த மதர்போர்டுகளில் பயாஸ் சிப்பையும் குப்பையால் நிரப்பியது. மென்பொருள் வன்பொருளைச் சாகடிக்காது என்று அதுவரை நம்பியிருந்தார்கள். அந்த நாளில் பலர் மேசையில் கணினிகள் உயிரற்றுக் கிடந்தன.

இன்றைய போர்டுகளில் தப்பிக்க வழிகள் இருக்கின்றன. சிலவற்றில் பயாஸ் சிப் இரண்டு இருக்கும். சிலவற்றில் பின்பக்கம் ஒரு தனி யுஎஸ்பி துளையும் ஒரு பட்டனும் இருக்கும். சரியான பெயர் வைத்த கோப்பை ஃபேட்32 வடிவில் ஃபார்மட் செய்த பென் டிரைவில் போட்டுச் செருகி, பட்டனை அமுக்கினால், பிராசசர் இல்லாமலேகூட போர்டு தன் பயாஸை எழுதிக்கொள்ளும். இதுவும் இல்லையென்றால் சர்வீஸ் கடையில் சிப்பின் எட்டுக் கால்களிலும் கிளிப் மாட்டி நேரடியாக எழுதுவார்கள். பெரும்பாலான சிப்கள் 3.3 வோல்ட், சில 1.8 வோல்ட். அதைப் பார்க்காமல் கிளிப் மாட்டினால் சிப் போய்விடும்.

அந்தச் சிப்பின் கொள்ளளவே ஒருமுறை பெரிய சண்டைக்குக் காரணமானது. 2020 மே மாதத்தில், வரவிருந்த தன் ரைசன் 5000 பிராசசர்கள் 400 வரிசை மதர்போர்டுகளில் ஓடாது என்று ஏஎம்டி அறிவித்தது. அந்தப் போர்டுகள் பலவற்றில் இருந்தது 16 மெகாபைட் சிப். அத்தனை தலைமுறைப் பிராசசர்களுக்குமான குறிப்புகளை அதற்குள் அடைக்க இடம் போதாது என்பது நிறுவனம் சொன்ன காரணம். வாங்கியவர்கள் கொதித்தார்கள். இரண்டு வாரத்துக்குள் ஏஎம்டி இறங்கி வந்து, பழைய பிராசசர்கள் சிலவற்றுக்கான ஆதரவை நீக்கிவிட்டுப் புதியவற்றைச் சேர்க்கும் பதிப்புகளுக்கு வழிவிட்டது. பயாஸ் புதுப்பித்தல் எப்போதும் எதையாவது சேர்க்கும் என்று நினைப்பவர்கள் இதை நினைவில் வைக்க வேண்டும். புதுப் பதிப்பு உங்கள் பழைய பிராசசரை மறந்துவிடலாம். சில பதிப்புகளிலிருந்து பின்னால் திரும்பவும் விடமாட்டார்கள். பதிப்புக் குறிப்பை வரி விடாமல் படியுங்கள்.

புதுப்பிக்கும் முன் ஓவர்கிளாக் எல்லாவற்றையும் எடுத்துவிட்டு ஆலை அமைப்புக்கு வந்துவிட வேண்டும். தள்ளாடும் ராம் வழியாகப் பயாஸ் கோப்பைக் கொண்டுபோவது, கை நடுங்குகிறவரிடம் எண்ணெய்க் குடத்தைக் கொடுப்பது போன்றது. டிஸ்கைப் பூட்டும் பிட்லாக்கர் போட்டிருந்தால் அதை நிறுத்தி வைத்துவிட்டு, மீட்புச் சாவியைத் தாளில் எழுதிக்கொள்ள வேண்டும். பயாஸ் மாறியதும், பூட்டைக் காக்கும் டிபிஎம் பகுதி வேறு யாரோ வந்துவிட்டார்கள் என்று நினைத்துச் சாவி கேட்கும். விண்டோஸ் 8 முதல் வந்த ஃபாஸ்ட் ஸ்டார்ட்அப் இருக்கும்போது 'ஷட் டவுன்' என்பது முழு நிறுத்தம் ஆகாது, கணினி பாதி உறைநிலையில்தான் இருக்கும். எனவே ஷிஃப்ட் விசையை அழுத்திக்கொண்டு ஷட் டவுன் கொடுத்து, முழுதாக அணைத்த பிறகே இந்த வேலையில் இறங்க வேண்டும்.

இனி தூக்கம். இன்டெல், மைக்ரோசாஃப்ட், தோஷிபா மூன்றும் சேர்ந்து 1996 டிசம்பரில் ஏசிபிஐ என்ற விதிமுறையை வெளியிட்டன. அதில் எஸ்3 என்ற நிலைதான் நாம் வழக்கமாகச் சொல்லும் ஸ்லீப். அந்த நிலையில் பிராசசர், கிராஃபிக்ஸ் கார்டு, ஃபேன் எல்லாம் அணைந்துவிடும். கணினிக்கு மின்சாரம் தரும் எஸ்எம்பிஎஸ்ஸின் ஊதா நிறக் கம்பியில் மட்டும் 5 வோல்ட் வந்துகொண்டே இருக்கும். அதுதான் ராமை உயிரோடு வைத்திருக்கிறது.

உயிரோடு என்று சொன்னது வெறும் உவமை என்று தோன்றலாம். ராமின் ஒவ்வொரு பிட்டும் ஒரு நுண்ணிய மின்தேக்கி, அதில் சில பத்தாயிரம் எலக்ட்ரான்கள். அது ஓட்டைக் குடம், நிரப்பியது கசிந்துகொண்டே இருக்கும். அதனால் டிடிஆர்4-இல் 64 மில்லி நொடிக்கு ஒருமுறை எல்லா வரிசைகளையும் படித்துத் திரும்ப நிரப்ப வேண்டும் என்பது விதி. சிப்பின் வெப்பம் 85 டிகிரியைத் தாண்டினால் கசிவு கூடும், அப்போது 32 மில்லி நொடிக்கு ஒருமுறை நிரப்ப வேண்டும். கணினி விழித்திருக்கும்போது இந்த வேலையைப் பிராசசரில் உள்ள மெமரி கன்ட்ரோலர் ஏவுகிறது. தூங்கப் போகும்போது, "இனி நீயே பார்த்துக்கொள்" என்று ராமிடமே அந்தப் பொறுப்பைக் கொடுத்துவிட்டு கன்ட்ரோலர் அணைந்துவிடுகிறது.

எழும்போது என்ன நடக்கிறது? பிராசசர் மறுபடி அதே முதல் முகவரிக்குப் போகிறது. பயாஸ் ஓடத் தொடங்குகிறது. இது புதிய தொடக்கமா, தூக்கத்திலிருந்து எழுவதா என்று பார்க்கிறது. எழுவதுதான் என்றால் அதற்கு ஒரு சிக்கல். ராமோடு பேசத் தாளம் பிடித்தாக வேண்டும். ஆனால் பயிற்சிப் பிட்டுகளை எழுதிப் பார்த்தால், நாம் திறந்து வைத்திருந்த கடிதமும் படமும் இருக்கும் அதே இடங்கள் அழிந்துபோகும். ஆகவே எஸ்3-இலிருந்து எழும்போது முழு டிரெயினிங் கிடையாது. கடைசியாகக் கணினியைத் தொடங்கியபோது எடுத்து வைத்த அளவுகளை அப்படியே திரும்பப் போட்டு, கண்ணை மூடிக்கொண்டு கயிற்றுக்குள் குதிக்க வேண்டும். கண் அகலமாக இருந்தால் கவலையில்லை. வேகத்தைக் கூட்டி இடுங்க வைத்த கண்ணாக இருந்தால், காலையில் அறை குளிர்ந்திருந்தபோது எடுத்த அளவு மதிய வெக்கையில் ஓர் இம்மி பிசகினாலும் போதும். முதல் சில பிட்டுகளே தவறாக வரும், பிராசசர் எங்கே போவதென்று தெரியாமல் நின்றுவிடும். வெளியே நமக்குத் தெரிவது சுற்றும் ஃபேனும் கறுப்புத் திரையும்.

தூக்கத்தில் வேறு வகைக் கோளாறுகளும் உண்டு, அவை இவ்வளவு ஆழமானவை இல்லை. தூங்கவே மாட்டேன் என்கிற கணினி, நள்ளிரவில் தானே விழித்துக்கொள்ளும் கணினி ஆகியவற்றுக்குப் பெரும்பாலும் மவுஸ், நெட்வொர்க் கார்டு, ஏதாவது ஒரு மென்பொருள் வைத்த அலாரம் இவையே காரணம். விண்டோஸின் கட்டளைத் திரையில் பவர்சிஎஃப்ஜி என்ற கருவியிடம் கேட்டால், கடைசியாக எழுப்பியது யார், தூங்கவிடாமல் பிடித்து வைத்திருப்பது யார், எந்த அலாரம் காத்திருக்கிறது என்று பெயரோடு சொல்லிவிடும். மடிக்கணினியில் நிலைமை வேறு. புதியவை பலவற்றில் எஸ்3 நிலையே கிடையாது. மாடர்ன் ஸ்டான்ட்பை என்ற முறையில் கைபேசிபோல அரைக்கண் மூடியபடி இருக்கும். பையில் போட்டு எடுத்துப் போனால் சூடாகி, பாட்டரி தீர்ந்து கிடப்பது அதனால். அந்த ஏற்பாடு எனக்கு ஒருபோதும் பிடித்ததில்லை. மூடியை மூடியவர் நிறுத்தச் சொல்லித்தான் மூடுகிறார்.

ஓவர்கிளாக் செய்கிறவர்களை நான் குறை சொல்பவன் இல்லை. 1998-இல் வந்த செலரான் 300ஏ பிராசசரில், தடத்தின் வேகத்தை 66-இலிருந்து 100 மெகாஹெர்ட்ஸுக்கு மாற்றினால் போதும், 300 மெகாஹெர்ட்ஸ் சிப் 450-இல் ஓடியது. சிப்பின் நாலரை மடங்குப் பெருக்கி மாறாததால் வந்த எளிய கணக்கு. உள்மடிப்பில் அரை மீட்டர் துணி இருந்த காலம் அது. இப்போது நிறுவனங்களே அந்தத் துணியைப் பிரித்து, 'பூஸ்ட்' என்ற பெயரில் விற்றுவிடுகின்றன. நமக்கு மிச்சம் விடுவது விரல் அகலம்.

அந்த விரல் அகலத்துக்காக மின்னழுத்தத்தை ஏற்றும்போது வெப்பக் கணக்கு நேர்கோட்டில் போவதில்லை. சிப் தின்னும் மின்திறன் வேகத்தோடு நேராகவும், மின்னழுத்தத்தின் இருமடியோடும் ஏறும். 1.20 வோல்ட்டை 1.32 ஆக்கினால் ஏற்றம் 10 சதவீதம்தான். மின்திறனோ 21 சதவீதம் கூடும். அதோடு வேகத்தை 5 சதவீதம் கூட்டினால் 27 சதவீதம். அந்தச் சூடு சிப்பை இன்னும் மந்தமாக்கி, இன்னும் கொஞ்சம் வோல்டேஜ் கேட்கும். ஏறுகிறவர் எங்காவது ஓரிடத்தில் நிற்கக் கற்றுக்கொள்ள வேண்டும்.

பலரும் தடுமாறுவது சோதனையில்தான். பிரைம்95 என்ற நிரலைப் பத்து மணிநேரம் ஓட்டி, பிழையில்லை என்றதும் தேறிவிட்டது என்கிறார்கள். மெர்சென் பகா எண்களைத் தேட 1996-இல் ஜார்ஜ் வோல்ட்மன் தொடங்கிய கூட்டு முயற்சிக்கான நிரல் அது. விடை தெரிந்த பெருங்கணக்குகளைப் போட்டு, ஓர் இலக்கம் பிசகினாலும் நிற்கும். நல்ல சோதனை, ஆனால் அது எல்லாக் கோர்களையும் சேர்த்து ஓட்டி, வெப்பத்தால் வேகத்தைக் கொஞ்சம் இறக்கி வைத்திருக்கும். பாரம் குறைந்து, ஒரே ஒரு கோர் மட்டும் திடீரென்று உச்ச வேகத்துக்குத் தாவும் கணத்தை அது பார்ப்பதேயில்லை. ரைசன் பிராசசர்களில் கர்வ் ஆப்டிமைசர் மூலம் மின்னழுத்தத்தைக் குறைத்து வைத்தவர்கள், விளையாட்டில் விழாத கணினி சும்மா இருக்கும்போது ரீஸ்டார்ட் ஆகிறதே என்று திகைப்பது இதனால்தான். பகலெல்லாம் மூட்டை தூக்கியவன் மறுநாள் காலையில் படுக்கையிலிருந்து எழும்போது தடுக்கி விழுவதுபோல.

விண்டோஸின் ஈவன்ட் வியூவரில் 'கெர்னல்-பவர் 41' என்று பார்த்துவிட்டு எஸ்எம்பிஎஸ்ஸை மாற்றுகிறவர்களையும் பார்க்கிறேன். முறையாக அணைக்கப்படாமல் கணினி நின்றது என்பதைத் தவிர அந்த வரி வேறெதையும் சொல்வதில்லை. எஸ்எம்பிஎஸ் மேல் அது பழி போடவில்லை.

பயாஸ், மின்னழுத்தம், தள்ளாட்டம் மூன்றும் ஒரே முடிச்சாகி உலகம் பார்த்த நிகழ்ச்சி, இன்டெலின் 13, 14-ஆம் தலைமுறை மேசைக் கணினிப் பிராசசர்களில் நடந்தது. விலை உயர்ந்த சிப்களை வாங்கியவர்களின் விளையாட்டுகள், கிராஃபிக்ஸ் நினைவகம் போதவில்லை என்ற செய்தியோடு நின்றன. கிராஃபிக்ஸ் கார்டைத் திட்டினார்கள், விளையாட்டை எழுதியவர்களைத் திட்டினார்கள். உண்மையில், விளையாட்டு தொடங்கும்போது சுருக்கப்பட்ட தரவை விரிக்கும் கணக்கில் பிராசசரே தவறு செய்துகொண்டிருந்தது. அந்தத் தவறு வேறொரு பெயரில் திரைக்கு வந்தது. 2024-இல் இன்டெல் படிப்படியாகக் காரணத்தைச் சொன்னது. தேவைக்கு மேல் மின்னழுத்தம் கேட்கப்பட்டதால், கோருக்குள் கடிகாரத் துடிப்பைப் பகிரும் ஒரு சுற்று முன்கூட்டியே மூப்படைந்திருக்கிறது. அந்தச் சிப்கள் சரியாக ஓடத் தேவையான குறைந்தபட்ச மின்னழுத்தம் நாளாக நாளாக ஏறிப் போயிருக்கிறது.

நான் மேலே உள்மடிப்பு என்று சொன்னது அங்கே யாரும் பிரிக்காமல் தானாகவே தின்னப்பட்டுக்கொண்டிருந்தது. ஓவர்கிளாக் பக்கமே போகாதவர்களின் கணினிகளிலும் இது நடந்தது. மதர்போர்டு நிறுவனங்கள் இன்டெல் பரிந்துரைத்த மின் எல்லைகளைத் தாண்டி வைத்திருந்த ஆலை அமைப்புகளும் காரணங்களில் ஒன்று. மருந்து பயாஸ் வழியாகவே வந்தது. பிராசசருக்குள் ஓடும் நுண்கட்டளைத் தொகுப்பான மைக்ரோகோடில் செய்த திருத்தம் மின்சாரம் போனால் மறைந்துவிடும், ஒவ்வொரு தொடக்கத்திலும் பயாஸ்தான் அதை மறுபடி ஏற்றுகிறது. 2024 ஆகஸ்டில் வந்த 0எக்ஸ்129 பதிப்பு, 1.55 வோல்ட்டுக்கு மேல் கேட்க விடாமல் தடுத்தது. அடுத்த மாதம் வந்த 0எக்ஸ்12பி, கணினி சும்மா இருக்கும்போதும் லேசான வேலையின்போதும் வந்த வீண் மின்னழுத்தத்தையும் அடக்கியது. உத்தரவாதத்தை இன்டெல் இரண்டு ஆண்டுகள் நீட்டியது. ஏற்கெனவே தேய்ந்த சிப்பை எந்தப் பயாஸும் குணமாக்காது, மாற்றித்தான் ஆக வேண்டும்.

"ஓடுவதைத் தொடாதே" என்று என் தலைமுறை பழக்கி வைத்த அறிவுரையை நான் கைவிட்டது அந்த ஆண்டில்தான். அந்தப் பிராசசரை வைத்துக்கொண்டு பயாஸைத் தொடாமல் இருந்தவர்களின் சிப்கள் ஒவ்வொரு நாளும் கொஞ்சம் தேய்ந்தன. இப்போது நான் சொல்வது: பதிப்புக் குறிப்பில் மின்னழுத்தம், நிலைத்தன்மை, பாதுகாப்பு என்ற சொற்களில் ஒன்று இருந்தால், யுபிஎஸ்ஸை மாட்டிக்கொண்டு புதுப்பித்துவிடுங்கள்.

திருச்சிக்கு வருகிறேன். முதலில் அவனிடம் ஆலை அமைப்புக்குப் போகச் சொன்னேன். ராம் 2133 வேகத்துக்கு இறங்கியது. அன்று மாலைக்குள் இருபது முறை தூங்க வைத்து எழுப்பினான். இருபது முறையும் எழுந்தது. அப்படியானால் புதுப் பயாஸுக்குத் தூங்கி எழத் தெரிகிறது. மறுநாள் 3600-க்குப் போனான். காலை ஆறு மணிக்கு ஜன்னல் திறந்திருந்தபோது நாலு முறையும் எழுந்தது. மதியம் இரண்டு மணிக்கு மூன்றாவது முறையே கறுப்புத் திரை. பிறகு அவன் போர்டு அனுமதித்ததால் பழைய பயாஸுக்குத் திரும்பி, அதே மதியத்தில், அதே 3600-இல் பார்க்கச் சொன்னேன். அதுவும் எழவில்லை.

"பழைய பயாஸ்ல இதுக்கு முன்னாடி வந்ததே இல்ல மாமா" என்றான். இதுக்கு முன்னாடி எப்போதெல்லாம் தூங்க வைத்தாய் என்று கேட்டேன். கொஞ்ச நேரம் பதில் இல்லை. தூங்க வைத்ததே இல்லையாம். தினமும் இரவு அணைத்துவிட்டுக் காலையில் போடுவானாம். கல்லூரி புராஜெக்டுக்காக திரையில் ஏழெட்டு ஜன்னல்களைத் திறந்து வைக்க வேண்டியிருந்ததால், புதுப்பித்த அந்த வாரத்தில்தான் ஸ்லீப் பழக்கம் வந்திருக்கிறது. ஜனவரிக் குளிரில் தேர்வு வைத்த ஓவர்கிளாக், மேயில் முதல் முறையாகத் தூங்கி எழச் சொன்னபோது தோற்றிருக்கிறது. இடையில் வந்து போன பயாஸ், பாவம், மேல் விழுந்த பழியைச் சுமந்தது.

பென் டிரைவிலிருந்து, ராமைச் சோதிக்கும் மெம்டெஸ்ட்86 நிரலை ஓட்டினோம். மதிய வெக்கையில் 3600-இல் இரண்டு மணிநேரத்துக்குள் மூன்று பிழைகள். இது எனக்கு அந்தக் கறுப்புத் திரையைவிடப் பெரிய கவலை. எழாத கணினி தன் கோளாறைச் சொல்லிவிடுகிறது. ஓடிக்கொண்டே பிட்டைத் தவறவிடும் கணினி எதையும் சொல்லாது. ஏப்ரலில் அவன் சேமித்த ஒரு வீடியோ நடுவில் உடைந்து கிடந்ததை அப்போதுதான் சொன்னான். மென்பொருள் கோளாறு என்று விட்டுவிட்டானாம். ராம் தவறவிடும் பிட் எந்தப் புகைப்படத்தில், எந்தக் கணக்கில் போய் உட்காரும் என்று யாருக்கும் தெரியாது. அவனுடைய பாட்டியின் கடைசிப் பிறந்தநாள் படங்களும் அந்த ஹார்ட் டிஸ்கில்தான் இருந்தன. ஜனவரிக்குப் பிறகு எழுதிய ஒவ்வொரு கோப்பையும் திறந்து பார்க்கச் சொன்னேன். இரண்டு நாள் உட்கார்ந்து பார்த்தான். படங்கள் பத்திரமாக இருந்தன.

புதுப் பயாஸையே திரும்பப் போட்டு, ராமை 3200-இல் நிறுத்தினோம். மதியம், நள்ளிரவு, மெம்டெஸ்ட், முப்பது முறை தூக்கம் எல்லாவற்றிலும் தேறியது. வித்தியாசம் கண்ணுக்குத் தெரிகிறதா என்று கேட்டேன். வீடியோ ஏற்றுமதியில் சில நொடிகள் கூடியிருக்கிறது என்றான். கேபினட்டின் பக்கத் தகட்டின் உட்புறம் ஒரு தாளை ஒட்டி, பயாஸ் பதிப்பு, ராம் வேகம், வோல்டேஜ், சோதித்த தேதி, அன்றைய அறை வெப்பம் ஆகியவற்றை எழுதி வைக்கச் சொன்னேன்.

ஆடிக் காற்று தொடங்கிய வாரம் மறுபடி கூப்பிட்டான். "இப்ப ரூம் நல்லா குளுகுளுன்னு இருக்கு மாமா. 3466 பார்க்கட்டுமா?"

"பாரு" என்றேன். "தாள்ல பென்சில்ல எழுதி வை. சித்திரை வெயில்ல ஒருதடவை மெம்டெஸ்ட் ஓட்டிட்டுப் பேனாவுல எழுதலாம்."